டப்பாப் பட்டியலில் வராதவை: தாய்ப்பாலில் வேலை பார்க்கும் பொருள்கள்

2024 மே 24 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தாய்ப்பாலையோ அதிலிருந்து செய்த பொருள்களையோ விற்பதற்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை என்றும், அதற்கு உரிமம் வழங்கக் கூடாது என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. அடுத்த சில நாள்களில் சென்னை மாதவரத்தில் தாய்ப்பாலைப் புட்டியில் அடைத்து விற்ற கடை ஒன்றுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். செய்தியைப் படித்தவர்களுக்கு எழுந்த குழப்பம் நியாயமானது. அரசு மருத்துவமனைகளிலேயே தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. அங்கே ஒரு தாயின் பால் இன்னொரு தாயின் குழந்தைக்குப் போகிறது. மருத்துவமனையில் தானமாக இருப்பது கடைக்கு வந்ததும் எப்படிக் குற்றமாகிறது? மாவுப் பாலை மருந்துக் கடையில் வாங்கலாம், தாய்ப்பாலை வாங்க முடியாது என்பது என்ன கணக்கு?

சட்டத்தைப் புரட்டிப் பார்த்து மட்டும் இதற்கு விடை சொல்ல இயலாது. பாலுக்குள் என்னென்ன இருக்கின்றன, அவற்றில் எவை எந்தச் சூடு வரை தாங்கும், எவை ஒரு குறிப்பிட்ட தாயிடமிருந்து மட்டுமே வரக்கூடியவை என்று தெரிந்தால்தான் வங்கிக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். தாய்க்குச் சளி பிடித்தால் பால் கொடுக்கலாமா, பிறந்த குழந்தைக்கு மலைத்தேன் தொட்டு வைக்கலாமா, கொழுந்து பறிக்கப் போகும் தாய் என்ன செய்வது என்று நீலகிரியில் அடிக்கடி எழும் கேள்விகளுக்கும் விடை அங்கேயேதான் இருக்கிறது.

சத்துக் கணக்கு தொடங்கிய ஊர்

பாலைப் பற்றிப் பேசும்போது நாம் சத்துகளின் பட்டியலாகவே பேசுகிறோம். இந்தப் பழக்கத்துக்கும் குன்னூருக்கும் தொடர்பு உண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில்தான் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. எந்தச் சத்து குறைந்தால் எந்த நோய் வரும் என்பதே அந்தக் காலத்து ஆய்வின் மையக் கேள்வி. அந்தக் கேள்வி எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் தாய்ப்பாலை முழுமையாக விளக்க அது போதாது.

சத்துக் கணக்குப்படி பார்த்தால் தாய்ப்பால் எளிய பொருளாகவே தெரியும். நூறு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 87 பங்கு தண்ணீர், 7 கிராம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, மூன்றரை முதல் நான்கு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் அளவே புரதம். பசும்பாலில் புரதம் இதைவிட மூன்று மடங்கு இருக்கும். இந்த எண்களை மட்டும் வைத்து ஒப்பிட்டால் டப்பாப் பால் தோற்காது; அந்த எண்களுக்குப் பொருந்தும்படிதானே அதைத் தயாரிக்கிறார்கள்.

பட்டியலில் வராதவைதான் நமக்கு இங்கே முக்கியம். குழந்தைக்கு எரிபொருளாவதையோ உடலைக் கட்டுவதையோ தம் முதல் வேலையாகக் கொள்ளாமல், குழந்தையின் குடலிலும் தொண்டையிலும் ரத்தத்திலும் வேறொரு காரியத்தைச் செய்யும் பொருள்களை உயிர்ச்செயல் பொருள்கள் என்று அழைக்கலாம். சோற்றுக்கும் சோற்றை ஆக்கிப் போடும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழையில்லை.

சீம்பால்: எருமைக் கன்றும் மனிதக் குழந்தையும்

மலையில் எருமையோ மாடோ வைத்திருப்பவர்களுக்குச் சீம்பாலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்று ஈன்ற அன்று கறந்த பாலை அடுப்பில் ஏற்றினால் அது மற்றப் பாலைப் போலப் பொங்காது. கரண்டியில் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகத் திரளும். திரள்வது புரதம். அதில் கணிசமான பங்கு நோயெதிர்ப்புப் புரதம், அதாவது கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் இம்யூனோகுளோபுலின்.

எருமையின் நஞ்சுக்கொடி வழியாக இந்தப் புரதம் கருவில் உள்ள கன்றுக்குப் போவதில்லை. ஆகவே கன்று பாதுகாப்பு ஏதுமின்றிப் பிறக்கிறது. முதல் நாளுக்குள் குடிக்கும் சீம்பாலிலிருந்து அது அந்தப் புரதத்தை முழுசாகக் குடல் வழியே ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்த வாசல் அடைபட்டுவிடும். மனிதக் குழந்தையின் கதை வேறு. ஜி வகை இம்யூனோகுளோபுலின் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக, பெரும்பாலும் கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில், குழந்தைக்குப் போய்விடுகிறது. (குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை இந்தப் பங்கில் ஒரு பகுதியை இழந்தே பிறக்கிறது.) ரத்தத்துக்கு ஏற்கனவே காவல் வந்துவிட்டது என்றால் மனிதச் சீம்பாலுக்கு என்ன வேலை? குடலுக்குக் காவல் போடுவது. அதனால்தான் அதில் நிறைந்திருப்பது ஏ வகை: சீம்பாலில் லிட்டருக்குப் பத்து கிராமை ஒட்டியும், பின்னாளில் முதிர்ந்த பாலில் ஒரு கிராமை ஒட்டியும் அது இருக்கும்.

முதல் நாளில் ஒரு தடவைக்குச் சுரப்பது ஒரு தேக்கரண்டி அளவே. மஞ்சளாக, சற்றுக் கெட்டியாக இருக்கும். துணியில் பட்டால் மஞ்சள் கறை நிற்கும். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அந்த அளவு பொருந்தும். ‘பால் இன்னும் இறங்கவில்லை’ என்று அந்த ஒரு தேக்கரண்டியைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மாவுப் பாலுக்கு ஆள் அனுப்புவது பெரிய இழப்பு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினர்தாம். மருத்துவமனைப் பிரசவம் இவ்வளவு பெருகிய பிறகும் நிலை இதுதான் என்பது கவனிக்கத்தக்கது.

வேலை பார்க்கும் பொருள்கள்

1. ஏ வகை நோயெதிர்ப்புப் புரதம். இதன் கதை தொடங்குவது மார்பில் அன்று, தாயின் குடலிலும் மூச்சுக்குழாயிலும்தான். தாய் உண்ணும் உணவோடும் சுவாசிக்கும் காற்றோடும் உள்ளே நுழையும் கிருமியைக் குடல் சுவரில் உள்ள சில சிறப்புச் செல்கள் பிடித்து, அருகிலுள்ள பி வகை வெள்ளணுக்களிடம் காட்டுகின்றன. அந்தக் கிருமிக்கென்றே பயிற்சி பெற்ற வெள்ளணுக்கள் ரத்தத்தில் பயணம் செய்து, பாலூட்டும் காலத்தில் மார்புச் சுரப்பியில் வந்து தங்கி, அங்கிருந்தபடி புரதத்தைச் சுரக்கின்றன. சுரப்பியின் செல்கள் அதைப் பாலுக்குள் கடத்தும்போது, செரிமான நொதிகளால் எளிதில் அறுபடாதபடி ஒரு பாதுகாப்புத் துண்டையும் சேர்த்து அனுப்புகின்றன. குழந்தையின் குடலில் அது கிருமியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, குடல் சுவரில் கிருமி பற்றாதபடி தடுத்து, மலத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. வீக்கத்தையோ புண்ணையோ ஏற்படுத்தும் சண்டையை அது தொடங்குவதில்லை. இதிலிருந்து கிடைக்கும் முடிவு ஒன்று உண்டு: கூடலூரில் வாழும் தாயின் பால் கூடலூர்க் கிருமிகளுக்கு ஏற்ப ஆயத்தமாகியிருக்கும், அந்த வீட்டுக் குடிநீரிலும் அந்த வீட்டுப் பெரியவர்களின் இருமலிலும் எது இருக்கிறதோ அதற்கு எதிரான புரதமே அதில் மிகுதியாக இருக்கும். வேற்றூரில் யாரோ ஒருவர் கொடுத்த பாலுக்கு இந்தப் பொருத்தம் இராது.

2. ஒலிகோசாக்கரைடுகள். இவை சிறு சர்க்கரைச் சங்கிலிகள். தாய்ப்பாலின் திடப்பொருள்களில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்த மூன்றாவது இடம் இவற்றுக்குத்தான்; லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. வியப்பு என்னவென்றால், குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. தாயின் உடல் இவ்வளவு செலவு செய்து, குழந்தைக்குச் செரிக்காத ஒன்றை ஏன் தயாரிக்கிறது? பெருங்குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர்க் குடும்பத்துக்காக. அவற்றில் இன்ஃபான்டிஸ் என்ற வகை இந்தச் சங்கிலிகளைத் தின்பதற்கென்றே நொதிகளை வைத்திருக்கிறது. அது தின்று வெளியிடும் அமிலம் குடலைப் புளிப்பாக்குகிறது. பேதிக் கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, நீர்த்து, லேசான புளித்த வாடையோடு இருப்பதற்கு இது ஒரு காரணம். அதைப் பேதி என்று எண்ணிப் பாலை நிறுத்துவது தலைகீழான வைத்தியம். இந்தச் சங்கிலிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குடல் சுவரில் கிருமிகள் பற்றும் கொக்கிகளைப் போன்றே சில சங்கிலிகளின் வடிவம் அமைந்திருப்பதால், கிருமி சுவரென்று எண்ணிச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. ஒவ்வொரு தாய்க்கும் சங்கிலிகளின் கலவை வேறுபடும். மரபணு காரணமாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாயின் பாலில் ஒரு முக்கிய வகை அறவே இராது. அதனால் அந்தப் பால் குறைபாடுள்ள பால் ஆகிவிடாது, மற்ற வகைகள் இருக்கின்றன.

3. லாக்டோஃபெரினும் லைசோசைமும். முன்னது இரும்பைப் பற்றிக்கொள்ளும் புரதம். வளர இரும்பு தேவைப்படும் கிருமிகளைப் பட்டினி போடுகிறது. பின்னது சில பாக்டீரியாக்களின் சுவரை அறுக்கும் நொதி. பசும்பாலில் இரண்டுமே மிகக் குறைவு.

4. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதி, குடல் சுவரை முதிரச் செய்யும் வளர்ச்சிக் காரணிகள், உயிருள்ள வெள்ளணுக்கள். எடுத்து வைத்த தாய்ப்பாலில் சில சமயம் சோப்பு வாடை அடிப்பது லைபேஸ் கொழுப்பைப் பிரிப்பதால். பால் கெட்டுவிட்டதற்கு அது அடையாளம் அல்ல.

பிரித்தெடுத்துக் கொடுத்தால்?

இப்படி ஒவ்வொன்றாகத் தெரிந்த பிறகு, அவற்றைத் தனியே தயாரித்து டப்பாவில் சேர்த்தால் போதாதா என்ற கேள்வி இயல்பாக வரும். ஒலிகோசாக்கரைடுகளில் சிலவற்றை இப்போது பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்துச் சில மாவுப் பால்களில் சேர்க்கிறார்கள். இருநூறில் ஒரு சிலவே என்பதை விளம்பரம் சொல்லாது.

லாக்டோஃபெரினின் அனுபவம் பாடமானது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பசும்பாலிலிருந்து எடுத்த லாக்டோஃபெரினைக் கொடுத்தால் கிருமித்தொற்று குறையும் என்று சிறு ஆய்வுகள் நம்பிக்கை அளித்தன. பிரிட்டனில் 2,203 குழந்தைகளை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. மறுபுறம், ஒடிசாவின் கிராமங்களில் 4,556 குழந்தைகளுக்கு ஒரு நல்ல பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரைச் சங்கிலியையும் சேர்த்து ஏழு நாள் கொடுத்தபோது, ரத்தத்தொற்றும் மரணமும் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்ததை 2017இல் பதிவு செய்தார்கள். அந்தக் குழந்தைகள் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தனிப்பொருள் சில நேரம் துணைக்கு வரும். பாலுக்கு மாற்றாக வந்ததில்லை.

முழுப் பாலின் பயனுக்கும் மிகைப்படுத்தாத சான்று உண்டு. பெலாருஸ் நாட்டில் 1990களின் பின்பாதியில் 17 ஆயிரம் தாய் சேய் இணைகளை வைத்து ஆய்வு நடந்தது. பாலூட்டலுக்கு நன்கு ஊக்கமளித்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் குடல்தொற்று 13.2 விழுக்காட்டிலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. தோல் ஒவ்வாமையும் குறைந்தது. வளர்ந்த பின் உடல் பருமன் குறைந்ததா என்றால், இல்லை. தாய்ப்பால் எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்பவர்கள் இந்த ஆய்வின் இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

சூடு என்ன செய்கிறது

வங்கிக்கும் கடைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இப்போது வரலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தானம் தரும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ், மேகப்புண் ஆகியவற்றுக்கான பரிசோதனை நடக்கிறது; பால் 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் வைக்கப்படுகிறது. இந்தச் சூட்டில் கிருமிகளோடு வெள்ளணுக்களும் மடிகின்றன, லைபேஸ் அழிகிறது, லாக்டோஃபெரின் பெரிதும் குறைகிறது, ஏ வகைப் புரதத்தில் ஒரு பகுதி போகிறது. ஒலிகோசாக்கரைடுகளோ அப்படியே நிற்கின்றன. ஆகவே வங்கிப் பால், குழந்தையைப் பெற்ற தாயின் பாலுக்குச் சமமாகாது; ஆயினும் குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகும் கொடிய நோயை அது மாவுப் பாலைவிடக் குறைக்கிறது. பெற்ற தாயிடம் பால் கிடைக்காத ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு, மருத்துவர் கண்காணிப்பில், காசு வாங்காமல், சில நாள்களுக்குத் தரும் பொருள் அது.

கடைப் பாலில் இந்தக் கட்டுப்பாடுகள் எதையும் வாங்குபவரால் சரிபார்க்க முடியாது. பரிசோதிக்காத பால் என்றால் வைரஸ் வரக்கூடும். கொதிக்க வைத்த பாலோ பொடியாக்கிய பாலோ என்றால் எதற்காக அந்த விலை கொடுக்கிறார்களோ அந்தப் பொருள்களில் பல அதில் இல்லை. பணம் வந்துவிட்டால், ஏழைத் தாய் தன் குழந்தையின் பங்கை விற்கும் நிலையும் வரும். ஆணையத்தின் தடை இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பொருத்தமாகவே தெரிகிறது. மாவுப் பாலுக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை: 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன.

மலைக்கே உரிய ஓர் ஐயம்: 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறதே, மாவுப் பால் கலக்க அது போதுமா? போதும். பொடியில் உள்ள கிருமிகளை ஒழிக்க, கலக்கும் நீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

சளி, சேனை, மூடுபனி

டிசம்பர் குளிரில் தாய்க்குச் சளி பிடித்தால் ‘பால் வழியாகக் குழந்தைக்கு இறங்கிவிடும்’ என்று நிறுத்தச் சொல்லும் பாட்டிமார் மலையெங்கும் உண்டு. சளிக் கிருமி பரவுவது இருமலாலும் கையாலும். பாலில் வருவது அதற்கு எதிரான புரதம். முகக்கவசம் கட்டிக்கொண்டு, கையைக் கழுவிப் பால் கொடுப்பதே சரி. எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்துகள், குழந்தைக்கே உள்ள காலக்டோசீமியா (பால் சர்க்கரையை உடல் கையாள முடியாத பிறவிக் குறை) போன்ற சிலவற்றில்தான் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

சேனை வைக்கும் வழக்கத்தில் இங்கே சர்க்கரைத் தண்ணீரைவிட மலைத்தேனுக்கு மதிப்பு அதிகம். தேனில் பொட்டுலிசம் என்னும் நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும்; ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். தேன் எவ்வளவு சுத்தமானது என்பது இதில் பேச்சே இல்லை. சடங்கை விட மனமில்லாதவர்கள் பெரியவரின் ஆசியோடு நிறுத்திக்கொண்டு, முதல் சுவையைச் சீம்பாலுக்கு விட்டுவிடலாம்.

தாய்ப்பாலில் இல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். வைட்டமின் டி அதில் மிகக் குறைவு; தென்மேற்குப் பருவத்தில் வாரக்கணக்கில் மூடுபனி கவிந்து, குழந்தையைக் கம்பளியில் சுற்றி வைத்திருக்கும் ஊரில் வெயிலை நம்ப முடியாது என்பதால் நாளுக்கு 400 அலகுச் சொட்டு மருந்தைத் தவறவிடக் கூடாது. வைட்டமின் கே குறைவு என்பதால்தான் பிறந்தவுடன் ஊசி போடுகிறார்கள். ஆறு மாதத்தில் குழந்தையின் உடலில் உள்ள இரும்பு இருப்பு கரைந்துவிடும். அதன் பிறகு பாலோடு கூழும் கீரையும் முட்டையும் வேண்டும்.

கொழுந்துக் காட்டில் ஆறு மாதம்

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியபோது, ஆறு மாதக் கணக்கு சரியாக விழுந்தது என்று பலரும் எழுதினார்கள். சரியாக விழவில்லை. அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவர் நிறைமாதத்தில் அதை எடுத்தே ஆக வேண்டியிருக்கும். அப்படி எடுத்தால் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம், நான்கு மாதத்துக்குச் சற்று மேல். மூன்றாவது குழந்தைக்கு மொத்தமே 12 வாரம். சிறு தேயிலை விவசாயிகளின் நிலத்தில் நாள் கூலிக்குப் போகும் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பதே ஏட்டில்தான்.

எஞ்சிய வாரங்களுக்கு இரண்டு வழிகள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நாளில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்பது சட்டம். குழந்தைகள் காப்பகம், கொழுந்து பறிக்கும் காட்டுக்கு அருகில் இருந்தால் அது நடக்கும், இரண்டு வளைவு தள்ளி இருந்தால் நடக்காது. இன்னொன்று, காலையில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவது. சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் 25 பாகைக்கு மேற்படாத அறையில் அது நான்கு மணி நேரமும், குளிர்பெட்டியில் நான்கு நாளும் இருக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெரும்பாலான நாள்களில் வீட்டுக்குள் அந்த வெப்பம் தாண்டாது. சமவெளியில் கிடைக்காத வசதி இது.

அப்படி வைத்த பால் சற்று நேரத்தில் இரண்டாகப் பிரியும்: மேலே ஆடைபோலக் கொழுப்பு, கீழே நீலம் ஓடிய நீர்த்த பால். திரிந்துவிட்டது என்று எண்ணிக் காப்பகத்தில் கொட்டிவிடுகிறார்கள். பாத்திரத்தை மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும். குளிர் போக வேண்டுமென்றால் வெந்நீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் அந்தப் பாத்திரத்தைச் சில நிமிடம் வைத்தால் போதும். அடுப்பில் ஏற்ற வேண்டாம்.